வால் பக்கத்து சாக்கெட்

என் எதிர்வீட்டுக்காரரை அவர் வேலை செய்யும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ‘மூடி’ என்பார்கள். வாயைத் திறக்காதவர் என்பதால் வந்த பெயர். என்ன வேலை என்று அவர் மனைவியிடமே சொன்னதில்லை. “கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சு, சட்டையில ஒட்டியிருந்த அட்டைத்தூளைப் பார்த்துத்தான் நானா கண்டுபிடிச்சேன்” என்பார் அந்த அம்மாள். இதில் நான் நேரில் கண்டது குறைவு. சம்பந்தப்பட்டவர்களிடம் தனித்தனியே கேட்டு, ஒத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

மூடிக்கு சாம்பிள் அறையில் வேலை. ஒரு பொருள் கடைக்கு வருவதற்கு வெகுநாள் முன்பே அதற்குப் பெட்டி தயாராக வேண்டும். கணினிக்கான கிராபிக்ஸ் கார்டு செய்யும் கம்பெனி, புதிய கார்டுக்குப் பதிலாக அதே நீளம், தடிமன், எடையில் ஒரு பிளாஸ்டிக் டம்மியை அனுப்பும். மூடி அது கச்சிதமாக உட்காரும்படி கறுப்பு ஃபோமில் பள்ளம் வெட்டுவார். மின்கம்பி சொருகும் சாக்கெட்டுக்கு மட்டும் தனியாக ஒரு சிறு குழி. பிறகு ஃபோமைச் சுற்றிப் பெட்டி.

அந்த அறையில் மூன்றே பேர்: மூடி, வெட்டு இயந்திரக்காரர், பசை ஒட்டும் பெண். கைபேசிகளை வாசலில் பூட்டிவைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மூடிக்கு அதுவும் போதாது. தண்ணீர் குடிக்கப் போனாலும் வரைபடத்தைக் கவிழ்த்துவைப்பார். சாயங்காலம் குப்பைக்கூடையைக் கொட்டிப் பார்ப்பார். “எதைத் தேடுறீங்க?” என்று கேட்டால், கேட்டவர் மேல் சந்தேகம் வந்துவிடும்.

இன்னும் வராத கார்டைப் பற்றி ஆரூடம் சொல்லவும் கேட்கவும் உலகத்தில் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. மெமரி எவ்வளவு, எத்தனை வாட் இழுக்கும், எத்தனை விசிறி என்று இரவுபகலாகப் பேசுவார்கள். இயந்திரக்காரர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஒருநாள் கேன்டீனில் அவர் கைபேசியை நீட்டினார்.

“இந்த ‘உள்வட்டம்’ சேனல்காரன் மறுபடியும் வீடியோ போட்டுட்டான் பாருங்க. முந்நூத்து முப்பத்தாறு மில்லிமீட்டர் நீளமாம். கம்ப்யூட்டருக்குள்ள மூணரை கார்டு இடத்தை அடைக்குமாம். அப்படியே சரி!”

“சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் மூடி.

“ஏன், பெட்டி அட்டையை நான்தான வெட்டுறேன்!” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாளே மேலாளர் மூவரையும் தனித்தனியாக அழைத்தார். மூடியிடம் அவர் சொன்னது இது: “கார்டோட அளவு வெளிய போயிருக்கு. டம்மி நம்ம அறைக்கு மட்டும்தான் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை கார்டு கம்பெனி ஆள் வர்றாரு. அதுக்குள்ள ஆளைக் காட்டலைன்னா ஆர்டர் போயிடும். உங்களுக்கு யார் மேல சந்தேகம்?”

ஆயுள் முழுக்க இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல மூடி பதில் சொன்னார். இயந்திரக்காரர் ஓட்டைவாய், உள்ளே ஒன்றும் தங்காது, திருடுகிறவன் அப்படி இருக்க மாட்டான். பசைக்காரப் பெண் அப்படியல்ல. யாரோடும் பேசுவதில்லை. பைக்குள் தனியாக ஒரு ஜிப் வைத்துத் தைத்திருக்கிறாள்.

“அமைதியா இருக்கிறவங்களைத்தான் சார் கவனிக்கணும்” என்றார் மூடி.

அன்று மத்தியானமே அந்தப் பெண்ணைக் கிடங்குக்கு மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை, அதோடு வேலை போய்விடும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது என்பதும் தெரிந்ததுதான்.

தான் சொன்னது சரிதான் என்று உறுதிசெய்துகொள்ள, மூடி வீட்டில் மனைவியின் கைபேசியை வாங்கி அந்தச் சேனலை ஓடவிட்டார். முகம் காட்டாமல், குரலைக் கரகரப்பாக்கி ஒருவன் பேசினான்.

“சாக்கெட் நடுவுல இல்ல நண்பர்களே. வால் பக்கம், கடைசி முனையில. எழுதி வெச்சுக்குங்க.”

மூடி நிமிர்ந்து உட்கார்ந்தார். டம்மியில் சாக்கெட் நடுவில்தான் இருந்தது. வரைபடத்திலும் அப்படித்தான். வால் பக்கம் குழி இருந்தது ஒரே ஒரு ஃபோமில். முதல் வெட்டில் கை தவறி, அச்சு நகர்ந்து, அவரே பாழாக்கிய ஃபோம் அது. அதற்குள் கைபேசியில், பேசியவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: “டேய், கொடியில துணி காயுது, எடுத்து மடி!”

“இது என் குரல் மாதிரி இருக்கே” என்றார் மனைவி.

இருவரும் பக்கத்து அறைக் கதவைப் பார்த்தார்கள். அங்கே இருப்பவர் அந்த அம்மாளின் தம்பி. லாரி ஆபீசில் கணக்கர். ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ டியூஷன் எடுக்கிறார் என்று மூடி நம்பியிருந்தார். ஊரையே சந்தேகப்பட்ட மனிதர் மச்சினனை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

“அத்தான், சத்தியமா உங்க பையைத் தொட்டதில்ல” என்றார் மச்சினன். “நீங்கதான் கொண்டாந்து சாப்பாட்டு மேசையில வெச்சீங்க.”

மேசையில் கறுப்பு ஃபோம் கிடந்தது. நீளப் பள்ளத்தில் டிவி ரிமோட், மூக்குக் கண்ணாடி, சீப்பு. வால் பக்கத்துக் குழியில் ஒரு மாத்திரை அட்டை.

“வாகா இருக்கேன்னு நான்தாங்க கேட்டு வாங்கினேன்” என்றார் மனைவி.

அச்சடித்த காகிதம் என்றால் ஒரு துண்டைக்கூட மூடி வெளியே விடமாட்டார். அவரே நின்று இயந்திரத்தில் போட்டு அரைப்பார். ஃபோமில் எழுத்து ஏது? வெட்டு தப்பிப் போனதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

“ஃபிரிட்ஜுக்கு அடியில இருக்கே, அது போன வருஷத்து கார்டு. செருப்பு அலமாரியில இருக்கறது அதோட தம்பி” என்றார் மச்சினன். “ஸ்கேலை வெச்சா நீளம், தடிமன் ரெண்டும் கைக்கு வந்துடும்.”

“மெமரி முப்பத்திரண்டு ஜிபின்னு வீடியோவுல சொன்னியே, அது?”

“தடிமன் ஜாஸ்தின்னா விசிறி பெருசு. விசிறி பெருசுன்னா சூடு ஜாஸ்தி. சூடு ஜாஸ்தின்னா மெமரி முப்பத்திரண்டு.”

“அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?”

“சம்பந்தம் கேக்கறவங்க என் சேனல் பக்கமே வரமாட்டாங்க அத்தான்.”

பேசாமல் இருந்துவிடலாம் என்பது மச்சினனின் யோசனை. சாக்கெட் தப்பாக இருப்பதால், குருட்டாம்போக்கில் அடித்தது என்று கம்பெனி நினைத்துக்கொள்ளும் என்றார்.

“அதுவரைக்கும் அந்தப் பொண்ணு?” என்றார் மனைவி.

மூடி ஃபோமிலிருந்து சீப்பையும் கண்ணாடியையும் எடுத்து மேசையில் வைத்தார். “அந்தப் பொண்ணும் ஏதாவது செஞ்சிருக்கலாம்” என்றார். மனைவி பார்த்த பார்வையில் ஃபோமை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஃபோமோடு மேலாளர் அறைக்குப் போனார். கார்டு கம்பெனி ஆளும் அங்கே இருந்தார். மூடி நடந்ததைச் சொன்னார். மேலாளர் நம்பவில்லை.

“உங்க வாயில இருந்தா? இருக்கவே இருக்காது. அந்தப் பசைக்காரம்மா அழுது கேட்டுக்கிட்டாங்களா? உங்களுக்கும் அவங்களுக்கும் என்ன?”

மூடிக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு டம்மியை வாங்கி ஃபோம் பள்ளத்தில் இறக்கினார். நூலிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. சாக்கெட் இருந்த இடத்தில் மட்டும் ஃபோம் மறித்தது. அதற்கான குழி வால் பக்கம் வெறுமனே கிடந்தது.

“அவன் வால் பக்கம்னு சொன்னதுக்கு இந்தத் தப்புதான் சார் காரணம். இந்தத் தப்பு என் கை வெட்டினது.”

கம்பெனி ஆள் ஃபோமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேற எத்தனை இருக்கு வீட்ல?” என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் ஒரு வண்டி எங்கள் குடியிருப்புக்கு வந்தது. ஃபிரிட்ஜைச் சாய்த்துப் பிடிக்க நானும் போனேன்.

ஆர்டர் போகவில்லை. மூடியின் வேலையும் போகவில்லை. சாம்பிள் அறைதான் போயிற்று. இப்போது அவர் கிடங்கில் அட்டை எடை போடுகிறார். பசைக்காரப் பெண் தன் இடத்துக்குத் திரும்பினாள். பொருட்களை எடுத்துப்போக அவள் கிடங்குக்கு வந்தபோது மூடி எதிரில் போய் நின்றார்.

“உங்க பேரைச் சொன்னது நான்தாம்மா.”

“தெரியும். மேலாளர் என்னையும் கேட்டாரு. நான் உங்க பேரைத்தான் சொன்னேன்.”

“என் பேரையா?”

“வெட்டு தப்பினா ஃபோமை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டுப் போறாரு, வீட்ல யாரு பாக்கறாங்களோன்னு சொன்னேன். அவருக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ‘மூடியாவது, வெளிய விடறதாவது’ன்னுட்டாரு.”

மூடி தராசின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். முள் ஓடி நின்றது.

“கையை எடுங்க. எடை ஏறுது” என்று சொல்லிவிட்டு, அவள் பசை டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போனாள்.