பின்னலில் சிக்கிய பச்சைக் கயிறு

என் ஓரகத்திக்கு வயசாகிவிட்டது என்று முதலில் சொன்னது நான்தான். எனக்கே அறுபது தாண்டிவிட்டது. அவள் என்னைவிடச் சில வருஷம் மூத்தவள். பண்டசோழநல்லூரில் ஒரே வீட்டுக்கு, அண்ணனுக்கு அவளும் தம்பிக்கு நானுமாக வாழ்க்கைப்பட்டு வந்தோம். நடவு, கரும்பு, பிள்ளைப்பேறு என்று என்ன வந்தாலும், ஆடி மாசச் செடல் திருவிழாவுக்கு அம்மன் கோயில் முன்னால் பின்னல் கோலாட்டம் ஆடுவதை மட்டும் நாங்கள் விட்டதில்லை. எங்கள் குழுவில் எல்லோருமே பேரன் பேத்தி எடுத்தவர்கள். முட்டிக்குத் தைலம் பூசிக்கொண்டுதான் ஆட வருவோம். கிட்டே வந்தால் மருந்துக்கடை வாசம் அடிக்கும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே ஒரு வளையத்திலிருந்து கலர் கலராகக் கயிறுகள் தொங்கும். இடது கையில் கயிறு, வலது கையில் கோல். ஜோடியின் கோலில் தட்டி, ஒரு சுற்றில் உள்ளேயும் மறு சுற்றில் வெளியேயுமாக மாறி மாறிக் கடந்து போனால், மேலே சடை பின்னிக்கொண்டே வரும். பிறகு வந்த வழியே பின்னோக்கி ஆடி அவிழ்க்க வேண்டும். ஒருத்தி பக்கம் மாறிப் போனாலும் சிக்கு விழுந்துவிடும். அம்மன் முன்னால் பின்னின கயிற்றில் எங்கள் ஊரில் கத்தி வைக்க மாட்டார்கள். உட்கார்ந்து கையால்தான் பிரிக்க வேண்டும்.

இந்த வருஷம் நானே ஒரு புதுப் பின்னல் கட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்திருந்தது. ஆனால் ஒத்திகையில் என் ஜோடியான ஓரகத்தி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். என் முகத்தையே பார்ப்பாள். அப்புறம் என் கோலில் ஒரு தட்டு, அதுவும் விரல் அதிரும்படி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னாக்கா, நின்னுக்கினே தூங்கறியா? தாளம் போயிடுச்சு பாரு.”

“போறேன்டி, போறேன். இன்னா அவசரம்?”

அன்றைக்கு ஏற்கெனவே எரிச்சலில் இருந்தேன். காலையில் மூலக்குளத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பி, ஸ்டாப்பை விட்டுவிட்டு, எங்கேயோ இறங்கி வெயிலில் நின்றேன். கண்டக்டர் சொல்லியிருக்க வேண்டாமா? அவனை வாய் ஓயும்வரை திட்டினேன்.

செடலுக்கு முந்தின வாரம் அவளிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

“அக்கா, உனக்கு முடியல. இந்த வாட்டி ஒக்காந்து பாட்டு பாடு. உன் கயிறை பக்கத்து வூட்டு மருமவ புடிச்சிக்கட்டும்.”

அவள் கோபப்படவில்லை. “நான் ஆடலன்னா நீயும் ஆடாதடி,” என்றாள்.

வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். மற்றவர்களிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

செடல் அன்று சாயங்காலம் கோயில் வாசலில் நல்ல கூட்டம். பக்கத்து வீட்டு மருமகள் துருதுருவென்று ஆடினாள், எங்கேயும் நிற்கவில்லை. இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவிழ்க்கத் தொடங்கினோம். பாதியில் கயிறுகள் இறுகிக்கொண்டன. இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

வளையத்தை இறக்கிப் பந்தலுக்குள் வைத்து, சுற்றி உட்கார்ந்து பிரித்தோம். நான் மருமகளின் நீலக் கயிற்றைத்தான் தேடினேன். அது போக வேண்டிய வழியில் சுத்தமாகப் போயிருந்தது. பச்சைதான் மேலே வர வேண்டிய இடத்தில் கீழே கிடந்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே.

பச்சை என்னுடையது.

பாட்டுப் பாடிய இடத்திலிருந்து ஓரகத்தி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

“உனக்குத் தெரியுமாக்கா?”

“போன வருஷத்துலேர்ந்தே திரும்பற எடத்துல முழிச்சிக்கினு நிப்ப. எந்தப் பக்கம் போவணுமோ அந்தப் பக்கமா தட்டி உடுவேன். நீ போய்க்கினே இருப்ப.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா ஒத்துக்குவியா நீ?”

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அந்தப் பின்னலைக் கட்டினவளே நான்தான். நான் கட்டினதை எனக்கே ஒருத்தி சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

சிக்கு பிரிந்து வளையத்தை மறுபடி மேலே கட்டியதும், ஓரகத்தி பக்கத்து வீட்டு மருமகளிடமிருந்து கோலை வாங்கிக்கொண்டாள். “எழுந்திருடி. அம்மன் எதுருல பாதியில உட்டுட்டுப் போவக் கூடாது.”

முதலிலிருந்து ஆடினோம். இந்தத் தடவை ஒவ்வொரு திருப்பத்திலும் நானே நின்றேன். அவள் தட்டு விழுந்த பக்கம் போனேன். சடை கடைசிவரை அவிழ்ந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் காலையில் மகளைப் பார்க்க பஸ் ஏறினேன். இந்த முறை ஏமாறக் கூடாது என்று ஜன்னலோரமாக உட்கார்ந்து, வரும் ஸ்டாப்பையெல்லாம் கவனித்துக்கொண்டே போனேன். கண்டக்டர் டிக்கெட்டோடு வந்தார்.

“எங்கம்மா போவணும்?”

ஊர்ப் பெயர் வாயில் வரவில்லை. பின்னால் இருந்தவர்கள் சில்லறையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். நான் வலது கையை முன்னால் நீட்டியபடி, யாராவது தட்டிவிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.