கேபிளைப் பிடுங்கியவருக்கு மெமோ

“சார், ஹெச்.எஸ்.ஆர்.பி. பெட்டரா, வி.ஆர்.ஆர்.பி. பெட்டரா? கம்பேர் பண்ணி ஒரு ரிப்போர்ட் வேணும். அர்ஜென்ட்!”

போன வாரம் போனில் கேட்டவர் ஓசூரில் ஒரு ஆட்டோ பாகங்கள் தொழிற்சாலையின் ஐ.டி. மேனேஜர். கிரீஷ் என்று வைத்துக்கொள்வோம். தினமும் பெங்களூரிலிருந்து காரில் வந்து போகிற கன்னடக்காரர். நெட்வொர்க் ஆலோசனைதான் என் பிழைப்பு என்பது உங்களுக்குத் தெரியுமே... கிளம்பிப் போனேன்.

போன பிறகுதான் புரிந்தது. அவருக்குத் தேவை ரிப்போர்ட் அல்ல. பழியைப் போட ஒரு ஆள்!

அந்த ஆள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா. அங்கே நெட்வொர்க் இன்ஜினீயர். மூக்கண்டப்பள்ளியில் வீடு. கையில் மெமோ. முகத்தில் ரத்தமே இல்லை.

விஷயம் இதுதான். ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் வெளியுலகத்துக்குப் போக ஒரு வாசல் வேண்டும். அதுதான் ரௌட்டர். அது படுத்துவிட்டால்? அதற்காக இரண்டு வைப்பார்கள். ஒன்று வேலை பார்க்கும். இன்னொன்று காத்திருக்கும். வேலை பார்ப்பது ‘இருக்கேன்... இருக்கேன்...’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். குரல் நின்றால் காத்திருப்பது பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

கிரீஷ் கேட்ட பெயர்கள் இந்த ஏற்பாட்டுக்கான விதிமுறைகள், அதாவது புரோட்டோகால்கள். ஹெச்.எஸ்.ஆர்.பி. – ஒரு கம்பெனி தன் ரௌட்டர்களுக்கென்று செய்துகொண்டது. வி.ஆர்.ஆர்.பி. – எந்தக் கம்பெனி ரௌட்டருக்கும் பொது. ஜி.எல்.பி.பி. என்று மூன்றாவதும் உண்டு. அது யாரையும் சும்மா உட்கார விடாமல் வேலையைப் பிரித்துக் கொடுக்கும். இங்கே இருந்தது வி.ஆர்.ஆர்.பி. பரிந்துரைத்தவர் ஸ்டெல்லா.

நடந்தது என்ன? சாலையைத் தோண்டிய ஜே.சி.பி., முதல் ரௌட்டரின் இன்டர்நெட் லைனை அறுத்துவிட்டது. ரௌட்டர் சாகவில்லை. வெளியே போகும் வழிதான் செத்தது. உள்ளே அது பாட்டுக்கு ‘இருக்கேன்... இருக்கேன்...’ பக்கத்திலேயே நல்ல லைனோடு இருந்த இரண்டாவது ரௌட்டர், அதை நம்பிச் சும்மா இருந்தது.

சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லை ஆன்லைனில் போட முடியவில்லை. பில் இல்லாமல் எந்த லாரி கர்நாடக எல்லையைத் தாண்டும்? சரக்கு ஏற்றிய லாரிகள் கேட்டுக்குள்ளேயே வரிசை கட்டி நின்றன. தேன்கனிக்கோட்டைக்கார டிரைவர் ஒருவர் ஆபீஸுக்குள்ளேயே வந்துவிட்டார்.

“ஏம்மா, பில்லு வருமா, வராதா? லோடு போகலன்னா அங்க வாங்குற கம்பெனியே நின்னுபூடும். திட்டு வாங்குறது நான்தானே!”

வேலையை இரண்டாவது ரௌட்டருக்கு மாற்றிவிட ஸ்டெல்லாவுக்குத் தெரியும். ஆனால் பாஸ்வேர்டு மேனேஜரிடம். மேனேஜர் டிராஃபிக்கில். போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்... ம்ஹூம். கடைசியில் சர்வர் ரூமுக்குப் போய், முதல் ரௌட்டரை உள் நெட்வொர்க்கோடு இணைத்த கேபிளைப் பிடுங்கிவிட்டார். ‘இருக்கேன்’ நின்றது. இரண்டாவது ரௌட்டர் விழித்துக்கொண்டது. லாரிகள் புறப்பட்டன.

இதற்கு மாலை போட்டிருக்க வேண்டுமா, இல்லையா? கிரீஷ் கொடுத்தது மெமோ! அனுமதியின்றி உபகரணத்தைத் தொட்டது ஒரு குற்றம். தவறான புரோட்டோகாலைத் தேர்ந்தெடுத்தது இன்னொரு குற்றம்.

“வெளி லைனையும் கவனிக்கச் சொல்லி ஒரு செட்டிங் உண்டேம்மா? லைன் போனா தானா விட்டுக்கொடுத்துடுமே. போடலையா?” என்று கேட்டேன்.

“போட்டிருந்தேன் சார். எடுக்கச் சொல்லிட்டாங்க.”

“யாரு?”

ஸ்டெல்லா கிரீஷைப் பார்த்தார்.

முன்பும் ஒருமுறை லைன் போயிருக்கிறது. அந்த செட்டிங் கச்சிதமாக வேலை செய்து, இரண்டாவது ரௌட்டருக்கு மாற்றியிருக்கிறது. மாறிய நேரத்தில் கிரீஷின் வீடியோ கால் கட்டாகிவிட்டது. அதுதான் அது செய்த பாவம்!

“பெரியவங்க எல்லாம் லைன்ல இருந்தாங்க சார். மானம் போயித்து. அதான் ரிமூவ் பண்ணச் சொன்னேன். பாஸ்வேர்டும் நானே வெச்சுக்கிட்டேன். சும்னே ரிஸ்க் எதுக்கு?”

கேட்டீர்களா அநியாயத்தை? எனக்குச் சுர்ரென்று ஏறியது. ரிப்போர்ட்டா வேண்டும்... வாயாலேயே சொல்கிறேன் என்று நேராக ஃபேக்டரி ஜி.எம். அறைக்குப் போனேன். ஸ்டெல்லாவையும் கிரீஷையும் கூடவே அழைத்துக்கொண்டு.

“சார், மூணு புரோட்டோகால்ல எதைப் போட்டிருந்தாலும் அன்னிக்குக் கிட்டத்தட்ட இதே கதிதான். வேலை செஞ்ச செட்டிங்கைத் தூக்கினவர் இவர். வண்டிகளை அனுப்பினவர் இவங்க. மெமோ மட்டும் அட்ரஸ் மாறிப் போயிருக்கு.”

ஜி.எம். மெமோவை வாங்கிப் படித்தார். பிறகு ஸ்டெல்லாவிடம் கேட்டார்: “புடுங்கும்போது பயமா இல்லையாம்மா?”

“இருந்துச்சு சார். வேலை போயிடும்னு தெரியும். ஆனா வண்டிங்க நிக்குதே...”

மெமோ வாபஸ். செட்டிங் திரும்ப வந்தது. பாஸ்வேர்டும் வந்தது. ஸ்டெல்லா அதோடு விடவில்லை.

“மாசம் ஒருவாட்டி, எல்லாரும் இருக்கிறப்ப லைனைக் கழட்டிப் பார்க்கணும் சார்.”

கிரீஷ் பதறினார். “வேலை நடக்கிற டைம்லயா? ரிஸ்க் அல்வா... ரிஸ்க் இல்லையா?”

“ரிஸ்க்தான் சார். நாம இருக்கிறப்பவே வரட்டுமே.”

சொல்லுங்கள், எத்தனை ஆபீஸில் இதைச் செய்கிறார்கள்? ஸ்பேர் வாங்குவதில் இருக்கும் வேகம், அந்த ஸ்பேர் ஓடுகிறதா என்று பார்ப்பதில் யாருக்கு இருக்கிறது? எது உசத்தி என்று ஏ.சி. அறையில் பட்டிமன்றம் மட்டும் நடக்கும்!

நேற்று முதல் சோதனை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்டெல்லா முதல் ரௌட்டரின் வெளி லைனைக் கழற்றினார். நான் பில் போடும் அறையை எட்டிப் பார்த்தேன். ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. பிரின்டர் பாட்டுக்கு பில்லைத் துப்பிக்கொண்டிருந்தது.

ஒழுங்காக ஓடும் நெட்வொர்க்குக்கு யாரும் கைதட்டப்போவதில்லை... போகட்டும். ஓட வைப்பவருக்கு மெமோ கொடுக்காமலாவது இருக்கலாமே!