பின்பக்க பேரிங்

கும்பகோணத்தில் நான் தண்ணீர் மோட்டார் மெக்கானிக்காக இருந்த காலம். துபாயில் வேலை பார்த்த ஒருவருடைய வீட்டையும் கவனித்துக்கொண்டேன். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வருகிறவர்களுக்கு நாலு நாள், ஒரு வாரம் என்று அதை வாடகைக்கு விடுவார். ஒரு சாவி என்னிடம் இருக்கும்.

ஒரு நாள் காலையில் அவர் போன் செய்தார்.

"மோட்டார் ஏதோ சத்தம் போடுதாம், பக்கத்து வீட்டுல சொன்னாங்க. ஒரு எட்டு போய்ப் பாத்துடு அந்தோணி."

தங்கியிருக்கிறவர்களிடம் சொல்லிவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பெல்லை நாலு தடவை அடித்தேன். கதவு திறக்கவில்லை. வெளியே போயிருப்பார்கள் என்று நினைத்து, சாவி போட்டுத் திறந்து உள்ளே போனேன். கூடத்தில் ஒரு பெண் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "அம்மா, மோட்டார் பாக்க வந்திருக்கேன்" என்றேன். திரும்பவே இல்லை. பக்கத்தில் போனதும் என் நிழல் தரையில் விழுந்தது. கத்தியோடு துள்ளி எழுந்து அலறினார். அதில் வார்த்தை இல்லை. என் கையிலிருந்த டூல்ஸ் பை கீழே விழுந்தது.

கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த அவர் கணவர் வாசலில் அலறல் கேட்டு ஓடி வந்தார்.

"யாருங்க நீங்க? பூட்டுன வீட்டுக்குள்ள எப்படி வந்தீங்க?"

"ஓனர் அனுப்பினாருங்க. பெல் அடிச்சுப் பாத்தேன்..."

"அவளுக்குப் பிறவியிலேயே காது கேக்காதுங்க. வீடு எடுக்கும்போதே ஓனர்கிட்ட சொன்னேனே!"

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பெண் கையை நீட்டித் தடுத்தார். கணவரிடம் சைகையில் ஏதோ கேட்டார். அவரும் சைகையில் பதில் சொன்னார். உடனே அந்த அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் மோட்டார் சுவிட்சைப் போட்டார். உள்ளங்கையை மோட்டார் மேல் வைத்தார். பிறகு ஒரு விரலை மட்டும் பின்பக்கம், ஃபேன் கவர் ஓரத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சுவிட்சை அணைத்துவிட்டு கணவரிடம் சைகையில் சொன்னார்.

"பின்பக்க பேரிங் போயிடுச்சாம்" என்றார் அவர். "முன்பக்கம் நல்லாதான் இருக்காம். இன்னைக்கே மாத்தணும்ங்கிறா. நாளைக்கு இவ தம்பி கல்யாணம், ராத்திரி பதினஞ்சு பேர் வந்து இறங்குறாங்க."

தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர்தான் உரசுகிறது என்று நான் நினைத்திருந்தேன். நம்பாமல்தான் கழற்றினேன். முன்பக்க பேரிங் வழுவழுவென்று சுற்றியது. பின்பக்கத்தில் கிரீஸ் காய்ந்து, குண்டுகள் அரித்துப்போயிருந்தன. இன்னும் ஒரு நாள் ஓடியிருந்தால் மோட்டாரின் கம்பிச்சுருளே எரிந்திருக்கும்.

"எப்படிங்க?" என்றேன்.

"நாங்க திருத்துறைப்பூண்டிப் பக்கம்ங்க. விவசாயம் நின்னுபோய் திருப்பூர் போனோம். பனியன் கம்பெனி நிட்டிங் மெஷின்ல இவ பன்னெண்டு வருஷம். எந்த மெஷின் நிக்கப்போகுதுன்னு கையை வெச்சே சொல்லிடுவா. ஃபிட்டரே இவளைத்தான் வந்து கேப்பாரு."

புது பேரிங் போட்டு ஓட்டினேன். அந்த அம்மா மறுபடி விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பிறகு என் முன்னால் கையை நீட்டினார்.

"சாவியைக் கேக்குறா" என்றார் கணவர். "நாங்க கிளம்புற வரைக்கும் அவகிட்டயே இருக்கட்டுங்க."

கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போவதானாலும், தங்கியிருக்கிறவர்களிடம் முதலில் பேசி, அவர்கள் சொன்ன நேரத்தில்தான் போவேன். வீடு ஓனருடையதாக இருக்கலாம். அந்த நாலு நாளைக்கு அது அவர்களுடைய வீடு.

இப்போதும் ஒரு மோட்டாரைக் கழற்றுமுன் ஒரு விரலை வைத்துக் கண்ணை மூடிப் பார்க்கிறேன். அதிர்வு தெரிகிறது. அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.