உமிக்குவியல்

பேரனுக்கும் பேத்திக்கும் டிராம்போலின் வாங்கத் தென்னூர்க் கடைக்குப் போயிருந்தோம். "தம்பி மட்டும் குதிக்கட்டும்மா. பாப்பா பொண்ணு, அடிபட்டா வம்பு," என்றான் மகன். ஸ்பிரிங்கை மூடியிருந்த மெத்தைப் பட்டையை அழுத்தினேன். கைக்கு உமி மூட்டை நினைவு வந்தது.

அறுபதுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, மண்ணச்சநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரைஸ் மில். மதிலிலிருந்து உமிக்குவியலில் குதிப்போம். ஒருநாள் உள்ளே கிடந்த கல் என் முழங்காலைக் கிழித்தது. "பொட்டப்புள்ளய இனி அங்க விடாதே," என்றாள் அப்பாவின் அக்கா.

மறுநாள் அம்மா குவியலுக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி, கல்லையெல்லாம் பொறுக்கி எறிந்தாள். சாக்குகளில் உமியை அடைத்து மதிலோரம் மெத்தைபோல அடுக்கினாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மதிலேறித் தானே முதலில் குதித்தாள். தலையெல்லாம் உமியோடு எழுந்த அம்மா அத்தையிடம் சொன்னாள்: "இனி அடிபடாது அண்ணி. அவ குதிக்கட்டும்."

கடைக்காரரிடம், "சுத்தி இருக்கற வலை இன்னும் உயரமா இருக்கறதக் காட்டுங்க," என்றேன். "எங்க பாப்பா உயரமாத்தான் குதிப்பா."

"அம்மா, சும்மா இருங்க," என்றான் மகன்.

செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் நான் ஏறினேன்.