அந்த விதி எனக்குத் தெரியும்

பொய் சொன்னேன். கண்கலங்கி நின்ற ஒரு மாணவியிடம், நன்றாகத் தெரிந்தே, “அப்படி ஒரு விதியே கிடையாது” என்று சொன்னேன். அவள் நம்பிவிட்டாள்.

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்பதனால் இருக்கலாம்.

நான் சித்தூர்க்காரன். திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பிக்கிறேன். வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கும் ஆங்கிலமும். அந்த ஆண்டு எம்.எஸ்சி. வகுப்பில் என்னோடு தமிழில் பேசக்கூடியவள் சுகுணா ஒருத்திதான். நகரிப் பக்கத்து மாந்தோப்புக் குடும்பத்துப் பெண். அந்த உரிமையில்தான் நேராக என்னிடம் வந்தாள்.

“சார், நைனா மாமரத்து மேலேர்ந்து விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு முறிஞ்சிபோச்சி. அம்மா மாடுங்கள விட்டுட்டு வரமுடியல. சித்தூர் ஆஸ்பத்திரியில நான்தான் கூட இருந்துக்கினு இருந்தேன். பரீட்சைக்கு வரமுடியல சார். எதனா வழி இருக்குதா?”

வழி இருந்தது!

பருவம் முழுக்க ஒழுங்காகப் படித்த மாணவர் ஒருவர், நோயாலோ குடும்பத்து இடராலோ கடைசித் தேர்வை மட்டும் தவறவிட்டால், ஆசிரியர் அவருக்கு ‘ஐ கிரேடு’ போடலாம். பாடம் முடியவில்லை, தோல்வியும் இல்லை என்று அதற்குப் பொருள். விட்டுப்போன தேர்வை அடுத்த பருவத்துக்குள் எழுதி முடித்துக்கொள்ளலாம். இதற்காகவே எழுதப்பட்ட விதி அது. எனக்கு அது தலைகீழ்ப் பாடம்.

பிறகு ஏன் இல்லை என்றேன்?

கோடை விடுமுறை தொடங்க இருந்தது. அவள் ஒருத்திக்காகத் தனி வினாத்தாள் எழுத வேண்டும். செய்முறைத் தேர்வுக்காக ஆய்வகத்தைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். கையெழுத்துக்காகத் தேர்வுப் பிரிவுக்கு நடையாய் நடக்க வேண்டும்... நான் கண்டிப்பானவன், யாருக்கும் வளையாதவன் என்றெல்லாம் அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கண்டிப்பாவது! அது சோம்பல். வெறும் சோம்பல்!

“அப்போ பெயிலா சார்? அடுத்த வருஷம் ஜூனியருங்களோட ஒக்காந்து மறுபடியும் படிக்கணுமா? வூட்ல படிச்சவரைக்கும் போதும்னு நிறுத்திடுவாங்களே சார்...”

“நான் என்னம்மா பண்றது? என் கையில ஒண்ணும் இல்லியே.”

கையில் ஒன்றும் இல்லையாம்! முழுக்க முழுக்க என் கையில்தான் இருந்தது. ஒரே ஓர் எழுத்து. அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் நான் அவளைச் சரியாக எடைபோடவில்லை.

மறுபடியும் சித்தூருக்குப் போனவள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் விதிமுறைகளைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறாள். ஆங்கிலச் சட்டமொழி. விளங்காத சொற்களுக்கு ஒவ்வொன்றாகப் பொருள் தேடி, கடைசியில் அந்த விதியைப் பிடித்துவிட்டாள்! மறுநாளே பாகாலா வழியாக ரயிலேறித் திருப்பதிக்கு வந்து, நேராக டீன் அம்மையாரின் அறைக்குள் நுழைந்துவிட்டாள்.

எனக்கு அழைப்பு வந்தது. போனேன். சுகுணா நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள்.

டீன் என்னைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்: “ஏமண்டி, ஈ ரூல் மீகு தெலியதா?” இந்த விதி உங்களுக்குத் தெரியாதா?

என்ன சொல்வது? தெரியும் என்றால் குற்றவாளி. தெரியாது என்றால்... நான் வாய் திறப்பதற்குள் சுகுணா முந்திக்கொண்டாள். தெலுங்கில்தான் பேசினாள். ஆனால் இன்றும் என் காதில் அது அவளுடைய தமிழிலேயே கேட்கிறது.

“சாருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க மேடம். தெரிஞ்சிருந்தா எங்க சார் இல்லன்னு சொல்லுவாரா?”

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை.

“தெலியது மேடம்” என்றேன். தெரியாது.

முதல் பொய்யையாவது சோம்பலின் கணக்கில் எழுதலாம். இந்தப் பொய்யை எதில் எழுதுவது? என்னைக் காப்பாற்ற வந்தவளின் நம்பிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேனே!

அன்று மாலைக்குள் ஐ கிரேடு பதிவாயிற்று. டீன் அதோடு விடவில்லை. “பேராசிரியருக்கே தெரியாத விதி மாணவர்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டு, இனி எல்லாத் துறைகளிலும் பருவத்தின் முதல் வகுப்பிலேயே இந்த விதியை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். என் பொய்யின் மேல் எழுந்த உத்தரவு அது!

அந்தக் கோடையில் ஆய்வகத்தைத் திறந்தேன். சித்தூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கியதும் சுகுணா வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குவாள். வியர்வை வழிய வழிய நின்றபடியே சோதனைகளைச் செய்து முடிப்பாள். நான் எழுதிய வினாத்தாள் எளிதானதன்று. மற்றவர்கள் எழுதியதைவிடக் கடினமானது. குறை சொல்ல யாருக்கும் இடம் வைக்கக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படி எழுதினேன்.

அவள் விடைத்தாளைத் திருத்தினேன். இரண்டாம் முறையும் பார்த்தேன். வகுப்பிலேயே அவள்தான் முதல்!

வெற்றி அவளோடு நிற்கவில்லை. அடுத்த பருவத்தின் முதல் வகுப்பில் நானே அந்த விதியைப் படித்தேன். வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி ஒரு பெண் வந்தாள். தேர்வு நேரத்தில்தான் அவளுக்குப் பிரசவ நாள் குறித்திருந்தது. பிறகு டெங்குவில் படுத்தெழுந்த ஒருவன் வந்தான். தாயை இழந்த ஒருவன் வந்தான். எல்லோரும் தேர்வு எழுதினார்கள், எல்லோரும் தேறினார்கள்! இன்று எந்தத் துறையிலும், கேட்க வாயில்லாமல் யாரும் ஓர் ஆண்டை இழப்பதில்லை. ஒரு விவசாயியின் மகள் செய்த வேலை இது. எங்களைப் போன்றவர்கள் அத்தனை பேர் இருந்தும் செய்யாத வேலை.

பட்டமளிப்பு விழாவுக்கு அவள் தந்தை வந்திருந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, ஆனால் தன் காலாலேயே நடந்து வந்தார்! தடியை மகளிடம் கொடுத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“எம் பொண்ணு படிப்பு நின்னுபோவாம காப்பாத்தனவரு நீங்கதான் சார்.”

“இல்லீங்க. நான் ஒண்ணும் செய்யல. அவளேதான் போராடி ஜெயிச்சா.”

வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சுத்தமான உண்மை அதுதான். அவரோ மகளின் பக்கம் திரும்பி, “பாத்தியா, எவ்ளோ தன்னடக்கம்!” என்றார்.

அப்போதும் சொல்லியிருக்கலாம். விதி எனக்குத் தெரியும் சுகுணா... நான்கே சொற்கள். தொண்டை வரைக்கும் வந்தன. அவள் முகத்தில் இருந்த அந்த மகிழ்ச்சியை உடைக்கக்கூடாது என்று விழுங்கினேனா, அல்லது என் பெயரை உடைக்கக்கூடாது என்றா? உங்களுக்கு விடை தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும்.

சுகுணா கைபேசியை யாரிடமோ கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள். ஓரமாக ஒதுங்கினேன். விடவில்லை. “சார் நடுவுல நில்லுங்க சார்” என்று இழுத்து, தனக்கும் தந்தைக்கும் இடையே நிறுத்தினாள்.

சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன்.