மூன்று தண்ணீர் விட்டுக் கழுவிய முட்டைகள்

கல்யாணமான இரண்டாம் வருஷமே என் புருஷனால் தன் கையால் சோறு பிசைய முடியாமல் போயிற்று. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் அவருக்கு வேலை. விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு அரித்து ஓட்டை ஓட்டையாக இருக்கும். உப்புப் பட்டால் துடித்துவிடுவார். நான்தான் பிசைந்து உருட்டிக் கொடுப்பேன். அந்தக் குழியிலிருந்து அவரை எப்படியாவது வெளியே இழுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

மிஷன் பள்ளிக்கூடத்துத் துரைசானியம்மா தன் கோழிப் பண்ணைக்குப் புருஷனும் பெண்சாதியுமாக ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் ஓடினேன். "பெட்டியில் குஞ்சு பொரித்துக் காட்டு, வேலை உங்களுக்குத்தான்" என்றார். பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்த ஒரு மரப்பெட்டி, சூடு பார்க்கும் கண்ணாடிக் குழாய், சீமைக்கோழி முட்டை முப்பது, எல்லாம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். சூடு இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது, நாளுக்கு மூன்று தடவை புரட்ட வேண்டும், உள்ளே இருக்கும் தட்டில் தண்ணீர் வற்றக்கூடாது. இவ்வளவும் சொன்னார். இன்னும் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முட்டைகள் எச்சமும் வைக்கோலும் ஒட்டி அழுக்காக இருந்தன. பாலாற்று ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துத்தான் பெட்டியில் வைத்தேன். தோல் வேலைக்காரர்களான எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். நாங்கள் விற்கும் முட்டையைக் கடைத்தெருவில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். முட்டைக்கு என்ன வாடை, எங்களுக்குத்தான் வாடை என்று அவர்கள் நினைப்பு. அதனால் எங்கள் கைப்பட்டது எதுவும் கழுவாமல் வாசலைத் தாண்டாது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் சிலேட்டைக்கூடக் கழுவித்தான் அனுப்புவோம்.

முப்பதில் இரண்டு பொரிந்தன. ஒன்று அன்றைக்கே செத்தது. விளக்கில்தான் கோளாறு என்றார் துரைசானியம்மா.

இரண்டாவது தடவை திரியை நறுக்கி, காற்றுப் படாமல் பெட்டிக்குச் சாக்குச் சுற்றி, காவல் இருந்தேன். ஏழாம் நாள் அட்டையில் ஓட்டை போட்டு விளக்குக்கு எதிரே முட்டையைப் பிடித்துப் பார்த்தேன். சிவப்பு நரம்பு ஓடியிருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வளையம். பதினேழாம் நாள் ஒரு முட்டை பட்டென்று வெடித்தது. தோல் ஷாப்பு நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த நானே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். அந்தத் தடவை ஒன்றுகூடப் பொரியவில்லை.

"இன்னும் ஒரே ஒரு முறை. பிறகு பெட்டி திமிரிக்குப் போகிறது. அங்கே ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது" என்று துரைசானியம்மா சொல்லிவிட்டார். மறுபடி முப்பது முட்டையை இடுப்பில் அணைத்துக்கொண்டு அழுதபடியே வீட்டுக்கு வந்தேன்.

எதிர்வீட்டுக்காரி காரணம் கண்டுபிடித்துச் சொன்னாள். "உன் வூட்டுக்காரன் மேல அடிக்கிற நாத்தம் இருக்கே, அது முட்டைக்கு ஆவாதுமே. கருவக் கொன்னுடும்." கடைத்தெருக்காரன் பேச்சை எங்கள் தெருக்காரியே பேசுகிறாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நம்பினேன்.

முட்டைகளை வழக்கத்தைவிட ஜாஸ்தி தேய்த்துக் கழுவி அடுக்கி முடித்த நேரம், அவர் வேலையிலிருந்து வந்தார். எங்கள் நாட்டுக்கோழி விறகு அடுக்கில் இட்ட முட்டை மூன்று அவர் உள்ளங்கையில் இருந்தது.

"இதயும் வையேன்மே. எடம் இருக்குதே."

"யோவ், அங்கயே நில்லு! உள்ள வராத. உன் வாடைதான் எல்லாத்தயும் சாவடிக்குது."

அவர் முட்டைகளை வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். பானையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எரிச்சலோடு அந்த மூன்றையும் அழுக்கோடு எடுத்துப் பெட்டியின் மூலையில் வைத்தேன். அன்றிலிருந்து அவருக்கு வெளியில்தான் சோறு. உருண்டையைத் தட்டில் வைத்துத் தள்ளிவிடுவேன். படுக்கை ஷாப்பில் ஆவாரம்பட்டை குவித்திருந்த கொட்டகையில். ஐப்பசி மழை வேறு. ஒரு நாளாவது "ஏன்மே இப்படிச் செய்யற" என்று கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இருபத்தோராம் நாள் மூலையிலிருந்து கீச்சென்று சத்தம் வந்தது. அந்த மூன்றும் பொரிந்தன. முப்பதும் அசையவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் துரைசானியம்மா வந்து ஒவ்வொன்றாக உடைத்தார். எல்லாம் அழுகல். பிறகு மூலையில் கிடந்த ஓடு ஒன்றைக் கையில் எடுத்தார். அதில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இதை மட்டும் ஏன் கழுவவில்லை?"

"தண்ணி இல்லம்மா. மத்ததெல்லாம் மூணு தண்ணி விட்டுக் கழுவுனேன். மூணு தடவயும் அப்படித்தான்." பெருமையாகத்தான் சொன்னேன்.

கோழி முட்டை இடும்போதே ஓட்டின் மேல் ஒரு பூச்சு கொடுத்து அனுப்புகிறது, கழுவினால் அது போய்விடும், அழுக்கு உள்ளே இறங்கிக் கருவை அழுக வைக்கும் என்று அவர் மெதுவாகச் சொன்னார். முட்டையைக் கழுவுகிறவர்கள் இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கவே இல்லை. மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பதை அவர் எங்கே கண்டார்? அவர் வருத்தப்பட்டது நிஜம். பெட்டியும் அதோடு வேலையும் திமிரிக்குப் போனதும் நிஜம்.

சாயங்காலம் என் புருஷன் வந்து வழக்கம்போல் வாசலுக்கு வெளியே குந்தினார்.

"மூணு பொரிஞ்சிருக்குது. நீ கொண்டாந்தது" என்றேன்.

"மீதி?"

உடைந்த ஓடுகள் கிடந்த முறத்தைக் காட்டினேன். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "சரி வுடு. சோத்தப் போடு."

"உள்ள வாய்யா."

"கை கழுவிட்டு வர்றேன்."

"வேணாம். கழுவாத. அப்படியே வா."

அவர் கழுவிவிட்டுத்தான் வந்தார்.