நித்திரையில் நின்ற குத்துச்சண்டைக்காரன்

நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். எழுத வந்தது பிழையென்றால் மன்னியுங்கோ.

சனிக்கிழமை நோர்பரியில் தம்பி வீட்டில் மருமகனின் பிறந்தநாள். யாரோ பழைய வீடியோ கேம் பெட்டியொன்றை டிவியில் பூட்டியிருந்தார்கள். குத்துச்சண்டை தொடங்கும் மணிச் சத்தம் கேட்டதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அப்போது செல்வன் அண்ணை எங்கள் வீட்டு ஹோலில் வாடகைக்கு இருந்தார். இரவெல்லாம் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை. பகலில் டிவிக்கு முன்னால் இருந்த சோபாதான் படுக்கை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போர்வையை இழுத்து அவரை எழுப்புவேன். தனியே விளையாடினால் கம்ப்யூட்டர் என்னை அடித்துப்போடும்.

"ஒரு ஆட்டம்தான் பிள்ளை," என்பார். பாதியில் கண் சொருகிவிடும். கன்ட்ரோலர் கையில் இருக்க, திரையில் அவருடைய ஆள் சும்மா நிற்பான். நான் அடித்து விழுத்திவிட்டு, "வெண்டிட்டன்!" என்று கத்துவேன். அவர் திடுக்கிட்டு முழித்து, "ஓம், நீ கெட்டிக்காரி," என்பார். அம்மா வேலையால் வருமுன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவோம்.

ஒருநாள் கல்லாவுக்குப் பின்னால் நித்திரையானதால் அவருக்கு வேலை போனது.

"பகல் முழுக்கப் படுக்கிற ஆளுக்கு என்ன நித்திரை?" என்று அம்மா ஏசினா. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

பிறந்தநாளுக்கு அவரும் வந்திருந்தார், தலையெல்லாம் நரைத்து. "வா பிள்ளை, ஒரு ஆட்டம்," என்று கன்ட்ரோலரை நீட்டினார். நான் ஒரு பொத்தானையும் அழுத்தவில்லை. அவர் என் ஆளை அடித்து விழுத்தினார்.

"என்ன, நித்திரையே?" என்று சிரித்தார்.

"ஓம் அண்ணை," என்றேன்.

அடுத்த நாள் எனக்குக் காலை ஷிப்ட். நித்திரை இல்லாமலே போனேன்.